கணக்குத் தெரிந்த காதுகள்

லண்டனில் பதிவாகி, அதிகம் பேர் கேட்காமல் போன ஓர் இசைத்தட்டு. அதன் விலாசத்தைத் தேடினால் வழி மாதுங்கா, தாராவி, செம்பூர் என்று போகிறது

கச்சேரி தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பிரதான உருப்படியை முடித்த பாடகர், மிருதங்கக்காரர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டுகிறார். அந்த ஒரு சைகை போதும். மும்பை ஷண்முகானந்தா ஹாலில் புடவைகள் சரசரக்கின்றன. நாற்காலிகள் மடங்கும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்கிறது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் கான்டீனை நோக்கி நடக்கிறார்கள். மேடையில் மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பிக்கின்றன. காபிக்கும் போண்டாவுக்கும் இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

எழுந்து போகாதவர்களைத்தான் கவனிக்க வேண்டும். அவர்களுடைய வலது கை தொடை மீது இருக்கிறது. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு தடவை. ஆக எட்டு. மீண்டும் எட்டு. கடைசித் தீர்மானம் மூன்று முறை வந்து, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும்போது அத்தனை தலைகளும் ஒன்றாக அசைகின்றன. வெளியே வரும்போது யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: கணக்கு பிரமாதம்.

இசையைப் பற்றிப் பேசும்போது "கணக்கு" என்று சொல்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. மேற்கத்தியர்களுக்கு அது புதிது. 1990களில் அமெரிக்காவில் சில ராக் குழுக்கள் வழக்கமான நான்கு எண்ணிக்கைத் தாளத்தை உதறிவிட்டு ஐந்து, ஏழு, பதினொன்று என்று வாசிக்க ஆரம்பித்தன. விமர்சகர்கள் அதற்கு "மாத் ராக்" என்று பெயர் வைத்தார்கள். கணக்கு ராக் என்று சொல்லலாம். பிறகு அது பிரிட்டனுக்குப் போய் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஷெஃபீல்டிலும் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. இந்த வகை இசையின் மூதாதையர்களைத் தேடுகிறவர்கள் கிங் கிரிம்ஸன் போன்ற பிரிட்டிஷ் குழுக்களிடம் போய் நிற்பார்கள். லண்டனில் 1976இல் பதிவான ஒரு இசைத்தட்டை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் மின்சார கிதார் இல்லை. டிரம்ஸ் இல்லை. மண் பானை இருக்கிறது.

லண்டனில் நான்கு பேர்

அந்த இசைத்தட்டின் பெயர் "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி". ஒரு கையளவு அழகு. சக்தி என்ற குழுவின் இரண்டாவது ஆல்பம். சோஹோ பகுதியில் இருந்த ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் 1976 ஆகஸ்டில் பதிவானது. பீட்டில்ஸ் குழு 1968இல் "ஹே ஜூட்" பாடலைப் பதிவு செய்தது இதே ஸ்டுடியோவில்தான்.

வாசித்தவர்கள் நான்கு பேர். கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின் யார்க்‌ஷயரின் டான்காஸ்டர் நகரத்தில் 1942இல் பிறந்தவர். அதற்கு முன்பு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை நடத்தி, இரட்டைக் கழுத்து மின்சார கிதாரால் அரங்கங்களை அதிர வைத்துக்கொண்டிருந்தவர். வயலின் எல். சங்கர். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு சென்னைக்குத் திரும்பிய குடும்பம் அது. எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் சங்கரின் அண்ணன்மார். கடம் விக்கு விநாயக்ராம். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது உடன் வாசித்தவர். தபலா ஜாகிர் உசேன், மும்பை மாஹிம்காரர்.

மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க முடியும். சாதாரண கிதாரில் அந்த அளவுக்கு இழுக்க முடியாது. எனவே மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிதார் ஒன்றை அவருக்காக ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்தார். குறுக்கே ஏழு தந்திகள் கூடுதலாக ஓடின. தம்பூரா போல, சிதாரின் தரப்புத் தந்திகளைப் போல, அவை சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. புதுமை என்பதால் கவனம் பெற்றது. மூன்றாவது ஆல்பமான "நேச்சுரல் எலிமென்ட்ஸ்" 1977இல் வந்தது. பாட்டுகள் சின்னவை, காதுக்குச் சுலபமானவை. நடுவில் வந்த இது இரண்டுக்கும் இடையில் நழுவிவிட்டது. மின்சார கிதாருக்குக் காத்திருந்த ராக் ரசிகர்களுக்கு இது ஏமாற்றம். லண்டனில் அது பங்க் இசை கிளம்பிய வருஷம் வேறு. மூன்று கார்டு தெரிந்தால் மேடை ஏறலாம் என்றிருந்த நேரத்தில் ஏழரை மாத்திரைக் கணக்குகளை யார் கேட்பார்கள்? கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கோ இது கச்சேரி அல்ல. கடைக்காரருக்கு எந்த அலமாரியில் வைப்பது என்பதே பிரச்சினை.

மாதுங்காவில் கேட்டால் புரியும்

இந்த ஆல்பத்துக்கு உரிய காதுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் மாதுங்காவைக் காட்டலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதருக்கு வடக்கே அகலமான சாலைகளும் மரங்களுமாகப் புதிய குடியிருப்புகளை அமைத்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த தமிழர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1940களின் தொடக்கத்தில் உடுப்பிக்காரர்களின் ஓட்டல்கள் வந்தன. இன்றும் காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகையை முழம் போட்டுத்தான் விற்கிறார்கள்.

ஷண்முகானந்தா சங்கீத சபா 1952இல் தொடங்கியது. ஹால் 1963இல் எழுந்தது. 1990இல் தீ விபத்தில் உள்ளே எல்லாம் கருகிப்போய், 1998இல் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய 3,000 பேர் உட்காரக்கூடிய இந்த ஹாலின் தனி ஆவர்த்தனத்தில் நடப்பது என்ன?

ஓர் உதாரணம். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் மொத்தம் 32 மாத்திரை. "ததிகிணதொம்" என்ற சொல்லுக்கு ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொன்னால் 15. நடுவே இரண்டு இடத்தில் இரண்டிரண்டு மாத்திரை நிறுத்தினால் 4. ஆக 19. 32இல் 19 போனால் 13. எனவே 13 மாத்திரை கழிந்து, பதினான்காவதில் ஆரம்பித்தால் கடைசி "தொம்" 32இல் முடியும். அடுத்த அடி சமத்தில் விழும். ஆரம்பிக்கும் இடம் அசௌகரியமானது. கேட்பவருக்குத் தாளம் எங்கோ தவறிவிட்டது போலத் தோன்றும். பிறகு எல்லாம் வந்து சரியாகச் சேரும். அந்தத் தவிப்பும் அது தீர்வதும்தான் சுகம்.

இது மிக எளிய கணக்கு. சக்தி குழு இதையே கிதாரிலும் வயலினிலும் செய்தது. சொல்லுக்குப் பதில் ஸ்வரம். மிருதங்கம் போடும் கோர்வையை இரண்டு தந்தி வாத்தியங்கள் ஒரே மூச்சில், அசுர வேகத்தில் வாசிக்கின்றன. மேற்கத்திய கேட்பவர் அதை வேகம் என்று மட்டும் எடுத்துக்கொண்டார். தொடையில் தாளம் போடத் தெரிந்தவருக்கு அதில் ஒரு புதிர் போடப்படுவதும் அவிழ்க்கப்படுவதும் தெரியும். அந்த ஆசாமியிடம் இந்த இசைத்தட்டு போய்ச் சேரவே இல்லை என்பதுதான் வருத்தம்.

மாஹிமின் மூன்று மணி

மாதுங்காவிலிருந்து மேற்கே ரயில் பாதைகளைத் தாண்டினால் மாஹிம். மக்தூம் அலி மாஹிமியின் தர்காவும் செயின்ட் மைக்கேல் தேவாலயமும் அருகருகே உள்ள பகுதி. ஜாகிர் உசேன் 1951இல் பிறந்து, இங்கேதான் வளர்ந்தார். செயின்ட் மைக்கேல் பள்ளியில் படித்தார். பின்னிரவில், மூன்று மணிக்கெல்லாம் எழுப்பி, வாயால் சொல்ல வைத்துத் தாளம் கற்றுக்கொடுத்தார் தந்தை அல்லா ரக்கா. பிறகு மதரஸா, பிறகு கிறிஸ்துவப் பள்ளியில் ஜெபப் பாட்டு. இந்த நாள் ஒழுங்கைப் பற்றி ஜாகிர் பேட்டிகளில் பல முறை சொல்லியிருக்கிறார்.

அல்லா ரக்கா பஞ்சாப் கரானாவைச் சேர்ந்தவர். தென்னாட்டுத் தாளக் கணக்கில் ஈடுபாடு காட்டிய வடநாட்டு வித்வான்களில் முக்கியமானவர். மகன் அந்த வழியில் ஒரு படி மேலே போனார். இந்த ஆல்பத்தின் முதல் உருப்படியான "லா டான்ஸ் து பொனேர்" தந்தியில் தொடங்கவில்லை. கொன்னக்கோலில் தொடங்குகிறது. வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் சொற்கள். மாஹிமில் விடியுமுன் நடந்த பாடமும், சென்னையில் விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா 1958இல் தொடங்கிய தாள வாத்தியப் பள்ளியில் நடந்த பாடமும், லண்டன் ஸ்டுடியோவில் சந்தித்துக்கொண்ட இடம் என்று அதைச் சொல்லலாம்.

குயவர்களின் பேட்டை

மாஹிமுக்கும் சயானுக்கும் நடுவில், இரண்டு ரயில் பாதைகளுக்கு இடையே கிடக்கிறது தாராவி. மாதுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் அருகருகே வாழ்ந்தும் வேறு வேறு ஊர்க்காரர்கள். மாதுங்காவுக்கு வந்தவர்கள் ஆபீசுக்குப் போனார்கள். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களில் பலர் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கினார்கள். பொங்கலன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். அந்தத் தாளத்துக்கு சபா கிடையாது. தெருதான் மேடை.

அதே 90 அடிச் சாலையை ஒட்டி கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930களிலிருந்து வாழும் பேட்டை. வீட்டுக்கு முன்னால் சக்கரம், பின்னால் முற்றம், நடுவே பொதுச் சூளை. பஞ்சுக் கழிவைப் போட்டு எரிப்பதால் புகை எப்போதும் தாழ்வாகவே நிற்கிறது. தீபாவளி நெருங்கினால் அகல் விளக்குகள் தெருவை அடைத்துக் காய்கின்றன. மற்ற நாட்களில் தண்ணீர்ப் பானைகள், பூந்தொட்டிகள்.

இங்கே செய்யும் பானை கடம் ஆகாது. சுவர் மெல்லியது. விநாயக்ராமின் விரல்கள் பட்டால் ஓர் ஆவர்த்தனம் தாங்காது. கடத்துக்குப் பேர்போன ஊர் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை. அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சக்கரத்தில் வனைந்த பிறகு கட்டையால் தட்டித் தட்டி, சுவர் முழுக்க ஒரே கனமாக வரும்வரை உழைக்க வேண்டும். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்துச் சுருதி சேர்க்க முடியாது. கடத்தின் சுருதி சூளையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் கட வித்வான்கள் பாடகரின் சுருதிக்கு ஏற்ப வேறு வேறு பானை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கும்பார்வாடாவில் பானை வாங்க வரும் பெண் செய்யும் முதல் காரியம் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்ப்பதுதான். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கடம் பிறந்த கதை இந்தத் தட்டலில் இருக்கிறது. கச்சேரி மேடையில் அதற்குக் கிடைத்த இடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் வேலை. தனி ஆவர்த்தனத்தில் கடத்தின் முறை வரும்போது கான்டீன் நிறைந்திருக்கும்.

"எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி" அந்த வரிசையை மாற்றியது. முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கம் இருந்தது. இரண்டாவதில் அவர் இல்லை. எனவே தென்னாட்டுத் தாளத்தின் முழுப் பாரமும் கடத்தின் மீது விழுந்தது. தபலாவுக்கு எதிரே சமமாக உட்கார்ந்து, கேள்வி கேட்கிறது, பதில் சொல்கிறது, சில இடங்களில் வழி நடத்துகிறது. பானையின் வாயை வயிற்றோடு அணைத்து விநாயக்ராம் எழுப்பும் ஆழமான "கும்" ஒலிதான் குழுவில் இல்லாத பேஸ் கிதாரின் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியம் இப்படி முன்னால் வந்த பதிவு அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

தாராவியின் தெருக்களில் இன்று கேட்கும் கணக்கு வேறு. ராப். 2018இல் வந்த "காலா" படத்தில் "செம வெயிட்டு" பாட்டில் பங்கெடுத்த டோப்பாடெலிக்ஸ் குழு தாராவியில் உருவானது. தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து, மூச்சு விடாமல் சொற்களை நான்கின் மீது அடுக்கும் இந்த இளைஞர்களுக்குக் கொன்னக்கோல் அந்நியமாக இருக்க நியாயமில்லை. இரண்டுக்கும் மூலதனம் நாக்கும் மூச்சும்தான். ஆனால் 90 அடிச் சாலைக்கும் ஷண்முகானந்தாவுக்கும் இடையே உள்ள கொஞ்ச தூரத்தை இரண்டு தரப்பும் இன்னும் நடந்து கடக்கவில்லை.

கும்பார்வாடாவுக்கு வேறு கவலை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அடுக்குமாடியில் வீடு கிடைக்கலாம். சூளைக்கு எந்த மாடியில் இடம் தருவார்கள் என்பதே குயவர்களின் கேள்வி.

செம்பூரில் தொடர்ந்த கதை

1950களுக்குப் பிறகு டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி மையமும் உர ஆலையும் வந்தபோது தமிழர்களின் அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது. செட்டா நகரில் முருகனுக்குப் படி வைத்துக் கோயில் கட்டினார்கள். 1962இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூரின் குடியிருப்புகள் வழியே நடந்தால் ஏதாவது ஒரு ஜன்னலில் சரளி வரிசை கேட்கும்.

இந்தச் செம்பூரில் 1967இல் பிறந்து வளர்ந்தவர் சங்கர் மகாதேவன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர். லண்டன் பதிவு நடந்தபோது அவருக்கு 9 வயது. பழைய சக்தி 1970களின் இறுதியில் கலைந்தது. மெக்லாஃப்லினும் ஜாகிரும் 1997இல் "ரிமெம்பர் சக்தி" என்ற பெயரில் அதை உயிர்ப்பித்த பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாசும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்தார்கள். பிறகு சங்கர் மகாதேவன் வந்தார். 2000 டிசம்பரில் இந்த ஊரில் நடந்த கச்சேரிகள் "சாட்டர்டே நைட் இன் பாம்பே" என்ற ஆல்பமாயின. ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வந்த "திஸ் மொமென்ட்" ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே இரவில் ஜாகிர் உசேன் மொத்தம் மூன்று கிராமி வாங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

விருது, இரங்கல் இரண்டையும் சாக்காக வைத்துப் பலர் சக்தியைத் தேடிக் கேட்டார்கள். பெரும்பாலும் புதிய ஆல்பத்தை. அல்லது முதல் ஆல்பத்தை. நடுவில் உள்ளது மறுபடியும் நடுவிலேயே நின்றது.

எப்படிக் கேட்பது?

ஆறு உருப்படிகள். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். முதல் உருப்படியை இரண்டு முறை கேட்பது நல்லது: ஒரு முறை மெட்டுக்காக, ஒரு முறை கையால் தாளம் போட்டுக்கொண்டு. "லேடி எல்" சங்கரின் படைப்பு. கிதார் தன்னை அடக்கிக்கொண்டு வயலினுக்கு வழி விடுகிறது. "இந்தியா" பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும். அவசரமில்லாத ஆலாபனையாக ஆரம்பிப்பதால் முதல் தடவை நீளமாகத் தோன்றலாம். "கிருதி" மூன்று நிமிடம். பாரம்பரிய உருப்படியைக் கச்சேரி மேடையின் மரியாதையோடு வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். "ஐசிஸ்" 15 நிமிடம். இசைத்தட்டின் முழுக் கணக்கும் இதில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தபலாவும் கடமும் பேசிக்கொள்ளும் இடங்களில் எந்தக் கை எதைத் தட்டுகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கடைசியில் "டூ சிஸ்டர்ஸ்". வேகம் இல்லை, புதிர் இல்லை. மங்களம் மாதிரி.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. மெக்லாஃப்லினுக்கும் சங்கருக்கும் ஒருவரை ஒருவர் முந்தும் ஆசை சில இடங்களில் அதிகமாகிவிடுகிறது. சாதகம் காட்டும் அந்த நிமிடங்களில் ராகம் சற்றுப் பின்தங்குகிறது. இளம் வயது. தபலாக்காரருக்கு 25தான். மன்னித்துவிடலாம்.

இசைத்தட்டு இன்று செல்போனிலேயே கிடைக்கிறது. மாதுங்கா ஸ்டேஷனில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவதற்குள் "ஐசிஸ்" முடிந்து மிச்ச நேரமும் இருக்கும். சயானைத் தாண்டும்போது மேற்குப் பக்க ஜன்னலில் தாராவியின் தகரக் கூரைகள் தெரியும். கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவர் மறு கையால் தொடையில் தாளம் போடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கடம் தனியாக வரும் இடத்தில் மட்டும், தயவுசெய்து, எழுந்து போய்விடக் கூடாது.